ஓடுங்கள் பெரியவரே, கதவு மூடுகிறது

வியன்னாவில் 25 நிமிஷம். பிராங்க்ஃபர்ட்டில் 45. ஒரு விமானத்தில் வந்து இறங்கி இன்னொரு விமானத்தில் ஏறுவதற்கு மனிதப் பிறவிக்கு இவ்வளவு போதும் என்று விமானத் தொழிலின் பெரிய தலைகள் கூடிப் பேசி, அதற்குக் 'குறைந்தபட்ச இணைப்பு நேரம்' என்று நாமகரணமும் செய்து, உலகத்தின் டிக்கெட் கம்ப்யூட்டர்களுக்குள் ஏற்றிவைத்திருக்கிறார்கள். நிலையத்துக்கு ஒரு கணக்கு, டெர்மினலுக்கு ஒரு கணக்கு, கம்பெனிக்குக் கம்பெனி விதிவிலக்கு என்று அந்தப் பட்டியல் நீண்டுகொண்டே போகும். அளந்தது யாருடைய காலை வைத்து என்பதை மட்டும் அது சொல்வதில்லை.

நானே ஊகித்துவைத்திருக்கிறேன். வயசு இருபத்தைந்து. முழங்கால் தேய்மானம் கிடையாது. பிசினஸ் கிளாஸில் கதவோரமாக உட்கார்ந்து வந்தவர். ஐரோப்பிய பாஸ்போர்ட். கையில் பெட்டி இல்லை, கூட மனைவி இல்லை, குழந்தை இல்லை, மூத்திரம் பெய்யும் வழக்கமும் இல்லை. இப்படி ஒரு மகானை எங்கிருந்தோ பிடித்துவந்து, ராத்திரி இரண்டு மணிக்கு ஆளில்லாத வராந்தாவில் ஓடவிட்டு, கையில் ஸ்டாப்வாட்ச்சோடு நின்றிருக்கிறார்கள். அவர் போய்ச் சேர்ந்தார். அவர் சேர்ந்ததால் நாமெல்லாரும் சேர்ந்தாக வேண்டும்.

இனி, சேர வேண்டியவர்களைப் பார்ப்போம். கும்பகோணத்தில் ஒரு ரிட்டயர்டு தலைமையாசிரியர், கூட அவர் மனைவி. மகளுக்கு ஒஹாயோ மாநிலத்துக் கொலம்பஸ் நகரத்தில் இரண்டாவது பிரசவம். இது கற்பனைத் தம்பதிதான். ஆனால் கற்பனைக்கு நான் ஒன்றும் பெரிதாக உழைக்கவில்லை. எந்த ராத்திரி மீனம்பாக்கம் போனாலும் புது ஸ்போர்ட்ஸ் ஷூவும் பட்டுக்கரைப் புடவையுமாக, பாஸ்போர்ட்டை மஞ்சள் பையில் வைத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நிற்பார்கள். சென்னை, பிராங்க்ஃபர்ட், சிகாகோ, கொலம்பஸ். டிக்கெட் மகள் போட்டது.

"அப்பா, பிராங்க்ஃபர்ட்ல ஒரு மணி பத்து நிமிஷம் இருக்கு. ஒரே டிக்கெட்டுப்பா, அவங்களே கொடுத்த கனெக்‌ஷன். ஒண்ணும் ஆகாது."

அவங்களே கொடுத்தது! அந்தப் பெண்ணைக் குற்றம் சொல்ல மாட்டேன். டிக்கெட் தேடினால் விலை குறைந்ததும் மொத்தப் பயண நேரம் குறைந்ததும் முதல் வரியில் வந்து நிற்கும். நாலு மணி நேரம் உட்காரவைத்து, ஒரு காபி குடிக்கவிட்டு, கழிப்பறைக்கும் போகவிட்டு அனுப்புகிற டிக்கெட் எங்கோ கீழே ஒளிந்துகிடக்கும். கம்ப்யூட்டருக்குத் தெரிந்ததெல்லாம் அந்த 45 என்ற எண்தான். 46 நிமிஷம் கிடைத்துவிட்டால் இரண்டு விமானத்துக்கும் தாலி கட்டிவைத்துவிடும். வயசு என்ன, சர்க்கரை உண்டா, இங்கிலீஷ் எந்த அளவு என்று எந்தக் கட்டத்திலும் கேட்பதில்லை. சாப்பாடு சைவமா என்று மட்டும் விசாரிக்கும்.

இந்த அவசரத்துக்குப் பின்னால் ஒரு பொருளாதாரம் இருக்கிறது. 1978இல் அமெரிக்கா தன் உள்நாட்டு விமானத் தொழிலின் கட்டுப்பாடுகளைத் தளர்த்தியதற்குப் பிறகு ஹப் என்ற ஏற்பாடு கொழித்து வளர்ந்தது. எல்லா ஊர் விமானங்களையும் ஒரே நேரத்தில் ஓரிடத்துக்கு வரவழைப்பது, ஆட்களை மாற்றிக் கொட்டுவது, எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் கிளப்பிவிடுவது. செத்தவன் சொர்க்கத்துக்குப் போனாலும் நரகத்துக்குப் போனாலும் அட்லாண்டாவில் விமானம் மாறித்தான் போகணும் என்று அந்த ஊர்ப் பக்கம் ஒரு பழைய கேலி உண்டு. நம் பக்கத்து ஆத்மாக்களுக்குத் துபாயும் தோஹாவும். விமானம் தரையில் நின்றால் கம்பெனிக்குச் செலவு. பயணி தரையில் ஓடினால் யாருக்கும் பைசா செலவில்லை. எதைக் குறைப்பார்கள்?

தலைமையாசிரியர் கணக்கு வாத்தியாராக இருந்தவர். அவரைவிட்டே கழிக்கச் சொல்வோம். கையிருப்பு 70 நிமிஷம். சென்னை விமானம் 14 நிமிஷம் தாமதம். இதைத் தாமதம் என்று நீங்களும் நானும் சொல்லலாம். தொழிலில் சொல்லக் கூடாது. 15 நிமிஷத்துக்குள் வந்துவிட்டால் 'சரியான நேரத்தில் வந்தது' என்றுதான் ஏட்டில் எழுதுவார்கள். அமெரிக்காவிலும் அப்படித்தான், நம் சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகத்தின் கணக்கிலும் அப்படித்தான். மீதி 56. அடுத்த விமானத்தின் கேட்டை, கிளம்பும் நேரத்துக்கு 15, 20 நிமிஷம் முன்பே மூடிவிடுவார்கள். 20 என்று வைத்தால் மீதி 36. விமானம் போய் நின்று, விளக்கு அணைந்து, 43ஆம் வரிசைக்காரர் வாசலுக்கு வருவதற்குள் முன்னால் இருக்கும் முந்நூறு பேரும் மேலே இருந்து பெட்டி இறக்கி, கோட்டு மாட்டி, சார்ஜர் தேடி முடித்தாக வேண்டும். அதற்கு ஓர் இருபது. மீதி 16. கட்டடத்தோடு ஒட்டி நிற்காமல் மைதானத்து மூலையில் நிறுத்திப் பஸ்ஸில் ஏற்றினார்கள் என்றால் அந்தப் பதினாறிலும் மண்.

விற்றது 70, கொடுத்தது 16. மளிகைக் கடைக்காரன் இந்த எடை போட்டால் தராசைப் பிடுங்கிக்கொண்டு போக அதிகாரி வருவார்.

எனக்கு ஆத்திரம் வரும் இடம் இதுதான். கம்பெனியின் கடிகாரம் ரப்பர், பயணியின் கடிகாரம் இரும்பு. 14 நிமிஷம் தாமதமாக வந்த விமானம் நேரம் தவறாத உத்தமன். அந்த விமானத்திலிருந்தே இறங்கி ஒரு நிமிஷம் தாமதமாக கேட்டுக்கு வந்த மனிதன் 'வராதவர்'. மூச்சிரைக்க எதிரே நிற்கிறவனைப் பார்த்தே திரையில் அப்படி அடிப்பார்கள். டிக்கெட்டோடு வரும் நிபந்தனைகளைப் படித்துப் பாருங்கள். அச்சிட்ட நேரங்களுக்கு உத்தரவாதம் இல்லை, அவை ஒப்பந்தத்தின் பகுதியும் அல்ல என்று பெரும்பாலும் எழுதியிருக்கும். நீங்கள் கேட்டில் நிற்க வேண்டிய நேரத்துக்கு மட்டும் உத்தரவாதம் உண்டு, அதைக் கொடுக்க வேண்டியவர் நீங்கள்.

இந்த ரப்பரை எவ்வளவு தூரம் இழுப்பார்கள் என்பதற்கு ஒரு வழக்கே இருக்கிறது. சால்ஸ்பர்க்கிலிருந்து கொலோன்-பான் போன ஜெர்மன்விங்ஸ் விமானம் ஒன்று. சக்கரம் தரை தொட்டபோது தாமதம் 2 மணி 58 நிமிஷம். போய் நின்றபோது 3 மணி 3 நிமிஷம், கதவு திறந்தது அதற்கும் பிறகு. ஐரோப்பிய விதிப்படி, தாமதம் மூன்று மணி ஆகிவிட்டால் அந்தப் பயணிக்கு 250 யூரோ நஷ்டஈடு. கம்பெனி என்ன சொன்னது? சக்கரம் தொட்டாயிற்று, அதுதான் வருகை, காசு கிடையாது. அந்த 250 யூரோவுக்காக ஐரோப்பிய ஒன்றியத்தின் நீதிமன்றம்வரை போனார்கள். கதவு ஒன்றாவது திறந்து மனிதன் வெளியே போக முடிந்தால்தான் அது வருகை என்று 2014இல் தீர்ப்பு வந்தது. உள்ளே பூட்டிவைத்திருக்கிறவன் வந்து சேர்ந்தவன் அல்ல என்று சொல்ல ஒரு கண்டத்தின் உச்ச நீதிபதிகள் உட்கார வேண்டியிருந்தது. நம் தலைமையாசிரியரின் 70 நிமிஷமோ விமானம் போய் நின்று பிரேக் போட்டதுமே ஓட ஆரம்பித்துவிடுகிறது. கதவு எப்போது திறக்கும் என்று கேட்க அவருக்கு எந்த நீதிமன்றம்?

சரி, 16 நிமிஷம். ஓடுவோம். ஓட விடுவார்களா? முதலில் மறுபடியும் பாதுகாப்புச் சோதனை. சென்னையில் பெல்ட் கழற்றி, செருப்புக் கழற்றி, கைகளைத் தூக்கி நின்று, முத்திரை வாங்கிக்கொண்டு வந்தவர்கள்தானே? அது ஐரோப்பாவில் செல்லாது. அமெரிக்கா, கனடா, பிரிட்டன், சிங்கப்பூர் மாதிரி சில நாடுகளின் சோதனையை ஐரோப்பிய ஒன்றியம் ஒப்புக்கொள்ளும். நம்முடையதை ஒப்புக்கொள்ளாது. பத்து மணி நேரம் முப்பத்தைந்தாயிரம் அடி உயரத்தில் உட்கார்ந்தபடியே தூங்கிவந்த கும்பகோணத்து அம்மாள் அதற்குள் ஆயுதம் ஏதாவது செய்திருக்கலாம் அல்லவா?

செய்துதான் வைத்திருந்தாள். மகளுக்குப் பிரசவ லேகியம். சுக்கும் திப்பிலியும் இடித்து, வெல்லமும் நெய்யும் விட்டுக் கிளறி, டப்பாவில் அடைத்து, பெட்டியில் போட்டால் உடைந்துவிடும் என்று கைப்பையில் வைத்தது. 2006 ஆகஸ்டில் லண்டனில் திரவ வெடிகுண்டுச் சதி ஒன்று பிடிபட்டது. அந்த வருஷமே ஐரோப்பாவில் நூறு மில்லிலிட்டர் விதி வந்தது. அன்றிலிருந்து உலகத்துத் தாய்மார்களின் ஊறுகாயும் நெய்யும் சந்தேகத்துக்குரியவர்கள் பட்டியலில் இருக்கின்றன. கையுறை போட்ட இளைஞர் டப்பாவைத் திறக்கிறார். முகர்கிறார். முகம் மாறுகிறது. இன்னொருவரைக் கூப்பிடுகிறார். அவரும் முகர்கிறார்.

"பெத்த ஒடம்புக்குத் தம்பி. சூடு கொடுக்கும். நீ வேணா ஒரு வாய் போட்டுப் பாரேன்."

தம்பிக்கு ஜெர்மன் தெரியும், இங்கிலீஷ் தெரியும். தலைமையாசிரியர் "மெடிசின், மெடிசின்" என்கிறார்; அது இன்னும் விபரீதமாகப் போகிறது. ஆறு நிமிஷம் கழித்து லேகியம் குப்பைத்தொட்டிக்கும் தம்பதி வராந்தாவுக்கும் வந்து சேர்கிறார்கள்.

வராந்தாவில் கடை. கடைகளைப் பற்றி நான் அதிகம் பேசப் போவதில்லை, வயிறு எரியும். விமானத்துக்குப் போகிற வழியையே வளைத்து வளைத்துச் சென்ட்டுக்கும் சாராயத்துக்கும் நடுவே விட்டிருக்கிற நிலையங்கள் எத்தனை இல்லை? நேராகப் போனால் இரண்டு நிமிஷம் மிச்சமாகும், கடைக்காரருக்கு வியாபாரம் குறையும். தோஹாவில் தலையில் விளக்கைக் கவிழ்த்துக்கொண்டு ஏழு மீட்டர் உயர மஞ்சள் கரடி ஒன்று உட்கார்ந்திருக்கிறது. கலைப்படைப்பு, விலை 68 லட்சம் டாலர். அதைச் சுற்றிக்கொண்டு எத்தனை பேர் தினமும் ஓடுகிறார்கள்! அந்தக் காசுக்குப் பேட்டரி வண்டிகள் எத்தனை வரும் என்பதைத் தலைமையாசிரியரே கணக்குப் போட்டுச் சொல்லுவார்.

கேட் வந்துவிட்டது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் விமானம் நிற்கிறது. மூக்கு தெரிகிறது, பைலட் தலை தெரிகிறது, பாலம்கூட ஒட்டியபடியே இருக்கிறது. கதவு மட்டும் மூடியாயிற்று. "க்ளோஸ்டு" என்கிறாள் கவுண்டர் பெண், புன்னகை மாறாமல்.

"விமானம் இங்கதானேம்மா நிக்குது?"

நிற்கும். ஏன் நிற்கிறது என்று தெரிந்தால் கோபம் இன்னும் தலைக்கேறும். சில சமயம் உங்கள் பெட்டியைத் தேடி இறக்குவதற்காகவே நிற்கும். வராத பயணியின் பெட்டியோடு விமானம் போகக் கூடாது என்பது விதி. அந்த விதிக்குப் பின்னால் ரத்தம் இருக்கிறது. 1985 ஜூன் 23 அன்று ஏர் இந்தியாவின் கனிஷ்கா அயர்லாந்துக்கு அருகே கடலுக்கு மேல் வெடித்து 329 பேர் செத்தார்கள். வான்கூவரில் ஒருவன் இணைப்பு விமானத்துக்கென்று பெட்டியை மட்டும் ஏற்றிவிட்டுத் தான் ஏறாமல் நின்றுகொண்டான். எனவே விதியைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் ஒன்று கேட்கலாம். பெட்டியை இறக்கக் கால் மணி நேரம் நிற்க முடிகிற விமானத்தால், பெட்டிக்குச் சொந்தக்காரனை ஏற்ற மூன்று நிமிஷம் நிற்க முடியாதா? நிற்க முடியும். அமெரிக்காவின் யுனைடெட் கம்பெனி, யாருக்காக எந்த விமானம் எத்தனை நிமிஷம் காத்திருந்தால் மற்றவர்களுக்கு நஷ்டம் வராது என்று கணக்குப் போடும் ஏற்பாட்டை 2019இலேயே கொண்டுவந்துவிட்டது. முடியும் என்று தெரிந்தும் மற்றவர்கள் செய்யாமல் இருப்பதற்குப் பெயர் தொழில்நுட்பக் குறைபாடு அல்ல.

பெட்டி என்றதும் இன்னொன்று. விமான நிலையங்களுக்குத் தொழில்நுட்பம் விற்கும் சீட்டா நிறுவனத்தின் அறிக்கைப்படி, 2024இல் உலகம் முழுக்க வழிதவறிய, தாமதமான, உடைந்த பெட்டிகள் 3 கோடியே 34 லட்சம். அதில் தாமதமானவற்றில் 100க்கு 41, விமானம் மாற்றும் இடத்தில் தவறியவை. பெட்டிக்கு முழங்கால் வலி கிடையாது, லேகியம் கிடையாது, இங்கிலீஷ் பிரச்சினை கிடையாது, அதற்கென்று தனி பெல்ட்டும் வண்டியும் ஆளும் உண்டு. அதுவே போய்ச் சேரவில்லை.

விமானம் போய்விட்டது. ஒரே டிக்கெட் என்பதால் மாற்று விமானம் கொடுக்க வேண்டியது கம்பெனியின் கடமை, கொடுப்பார்கள், நாளைக்கு. ராத்திரி தங்க ஹோட்டல் கூப்பனும் நீட்டுவார்கள். தலைமையாசிரியருக்கு மனசு குளிர்ந்துவிடும். கூப்பனை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு வாசலைத் தேடிப் போனால் எல்லைக் காவலர் கேட்பார்: ஷெங்கன் விசா? இல்லை. அமெரிக்க விசா இருக்கிறது, அது அமெரிக்காவுக்கு. ஹோட்டல் இருப்பது ஜெர்மனியில். காவலர் மனமிரங்கி விதிவிலக்குத் தந்தால் உண்டு. இல்லையென்றால் அந்தக் கூப்பனைத் தலைக்கு வைத்துக்கொண்டு இரும்பு நாற்காலியில் படுத்துக்கொள்ளலாம். அதே விமானத்தைத் தவறவிட்ட கனடாக்காரர் கையை வீசிக்கொண்டு வெளியே போய், ஹோட்டல் மெத்தையில் உருண்டு, காலையில் குளித்துவிட்டு வருவார். தப்பு ஒன்றே, தண்டனை பாஸ்போர்ட்டைப் பார்த்து.

இதற்கும் கீழே ஒரு படி இருக்கிறது. விமான நிலையத்தைவிட்டு வெளியே ஓர் அடிகூட வைக்காமல், ஐரோப்பாவைக் கண்ணாடி வழியே பார்த்துவிட்டுப் போவதற்கே ஒரு விசா உண்டு. ஷெங்கன் நாடுகள் பொதுவாக 12 நாட்டுக்காரர்களை அதற்கென்று பட்டியல் போட்டிருக்கின்றன. இலங்கை அதில் ஒன்று. அமெரிக்கா, கனடா மாதிரி நாடுகளின் விசா கையில் இருந்தால் தப்பிக்கலாம். லண்டனில் விமானம் மாற இந்தியர்களுக்கும் இலங்கையர்களுக்கும் இதே கதை. மணிக்கணக்கில் வரிசையில் நின்று, கட்டணம் கட்டி, ரேகை வைத்து, வங்கிக் கணக்கைத் திறந்து காட்டி வாங்குகிற அனுமதி எதற்கு? அறுபது நிமிஷம் வராந்தாவில் ஓடுவதற்கு!

மறுநாள் சிகாகோ. இங்கே இன்னொரு தர்மம். அமெரிக்காவில் எந்த ஊரில் முதலில் இறங்குகிறீர்களோ அங்கேயே இமிக்ரேஷன் முடித்து, பெல்ட்டிலிருந்து பெட்டியை நீங்களே தூக்கி, கஸ்டம்ஸ் தாண்டி, மறுபடி பெட்டியை ஒப்படைத்து, மறுபடி பாதுகாப்புச் சோதனைக்கு நிற்க வேண்டும். கொலம்பஸ்வரை என்று சென்னையிலேயே ஒட்டிய சீட்டுக்கு இந்த இடத்தில் மதிப்பில்லை. வேறு நாட்டுக்குப் போகிற வழியில் சும்மா விமானம் மாறுகிறவனுக்குக்கூட இதே கதிதான். விசா இல்லாமல் இடைமாறும் சலுகையை 2003இலேயே நிறுத்திவிட்டார்கள். ஐந்தாம் டெர்மினலில் இறங்கி, குட்டி ரயில் பிடித்து ஒன்றாம் டெர்மினலுக்குப் போக வேண்டும். இமிக்ரேஷன் வரிசை எவ்வளவு நேரம் நகரும் என்று ஆண்டவனுக்கும் தெரியாது, அதிகாரிக்கும் தெரியாது. டிக்கெட் விற்ற கம்ப்யூட்டருக்கு மட்டும் எப்படியோ தெரிந்திருக்கிறது.

நம் ஊர் ஒழுங்கா என்று கேட்காதீர்கள். வெளிநாட்டிலிருந்து வந்து டெல்லியிலோ மும்பையிலோ உள்நாட்டு விமானம் மாறிப் பார்த்தவர்களுக்கே தெரியும். மும்பையில் ஒரு டெர்மினலிலிருந்து இன்னொன்றுக்கு ஊர் ரோட்டில், சிக்னலில் நின்று, ஆட்டோக்களோடு மல்லுக்கட்டிக்கொண்டு போக வேண்டும். வாசலில் துப்பாக்கி பிடித்தவர் மறுபடி டிக்கெட் கேட்பார். சொந்த நாட்டில் ஓடும்போது மொழியாவது புரியும் என்று நினைத்தால், தலைமையாசிரியருக்கு ஹிந்தியும் தெரியாது.

இத்தனைக்கும் நம் குடும்பங்கள் கண்டுபிடித்த ஒரே தற்காப்பு வீல்சேர். டிக்கெட் போடும்போதே பிள்ளைகள் 'வீல்சேர் தேவை' என்று குறித்துவிடுகிறார்கள். நடக்க முடியாததால் மட்டுமல்ல. தள்ளுகிறவருக்கு வழி தெரியும், கேட் தெரியும், வரிசையைத் தாண்டவும் தெரியும். மூன்று கண்டத்து வராந்தாக்களில் அம்மாவும் அப்பாவும் தொலைந்துபோகாமல் இருக்க அந்தச் சக்கர நாற்காலியைவிட்டால் வேறு நாதியில்லை. இதற்காகத்தான் அவர்களைக் கேலி செய்கிறார்கள். ஏறும்போது நொண்டி, இறங்கும்போது ஓட்டம், வானத்தில் நடக்கும் அற்புத சிகிச்சை என்று சிரிப்பார்கள். அமெரிக்காவின் ஃபிரண்டியர் கம்பெனித் தலைவர் 2024இல் இதைப் பற்றி வெளிப்படையாகவே புலம்பினார். வீல்சேர் துஷ்பிரயோகமாம்! எழுபது வயசுக்காரரிடம் 16 நிமிஷத்தைக் கொடுத்து ஓடச் சொன்னதற்கு என்ன பிரயோகம் என்று பெயர்?

அதே 2024 பிப்ரவரியில், மும்பை. நியூயார்க்கிலிருந்து ஏர் இந்தியா விமானத்தில் வந்த 80 வயதுப் பெரியவர். அவருக்கும் மனைவிக்கும் சேர்த்தே வீல்சேர் சொல்லிவைத்திருந்தார்கள். வந்தது ஒன்று. மனைவியை அதில் உட்காரவைத்துவிட்டுப் பக்கத்திலேயே நடந்தார். இமிக்ரேஷன் இருக்கும் இடத்தில் விழுந்தார். செத்துப்போனார். காத்திருக்கச் சொன்னோம், அவர்தான் நடந்துவருகிறேன் என்றார் என்பது கம்பெனியின் விளக்கம். இயக்குநரகம் 30 லட்சம் ரூபாய் அபராதம் போட்டது. அவர் ஏமாற்றுக்காரரா, நிஜமாகவே முடியாதவரா என்ற சந்தேகம் யாருக்கும் இனி இருக்காது. நிரூபித்துவிட்டார்.

சட்டம் இல்லையா என்றால், ஐரோப்பாவில் இருக்கிறது. 2013இல் தீர்ப்பான ஒரு வழக்கு. பிரேமனிலிருந்து பாரிஸ், சாவோ பாலோ வழியாகப் பராகுவேயின் அசுன்சியோனுக்குப் போன பெண் பயணி. முதல் விமானத்தின் தாமதத்தால் எல்லா இணைப்பும் நழுவி, 11 மணி நேரம் பிந்திப் போய்ச் சேர்ந்தார். முதல் விமானம் மூன்று மணி தாமதம் இல்லையே என்று ஏர் பிரான்ஸ் வாதாடியது. கடைசி ஊருக்கு எப்போது போய்ச் சேர்ந்தார் என்பதுதான் கணக்கு, காசை எடுத்து வை என்றது நீதிமன்றம். இதைக் கேட்டு வயிறு குளிர்வதற்குள், 2025 ஜூனில் ஐரோப்பிய நாடுகளின் அமைச்சர்கள் கூடி, மூன்று மணி ரொம்பக் குறைவு, தூரத்தைப் பொறுத்து நாலு மணியாகவும் ஆறு மணியாகவும் ஏற்றிவிடலாம் என்று முடிவெடுத்தார்கள். ஐரோப்பிய நாடாளுமன்றம் மல்லுக்கு நின்றது. பயணிகள் யாராவது அந்த மூன்று மணி நேரம் அலுத்துவிட்டது, ஆறாக்குங்கள் என்று மனுப் போட்டார்களோ என்னவோ.

நம் நாட்டில் அந்தக் கவலையே கிடையாது. தாமதத்துக்குக் காசு என்ற பேச்சே இல்லை. காத்திருக்கும் நேரத்தைப் பொறுத்துத் தின்ன ஏதாவது கொடுப்பார்கள், ரொம்ப நேரமானால் ஹோட்டல். இணைப்பு விமானம், பிரசவ அறை, வேலையின் முதல் நாள், அப்பாவின் சாவு எல்லாவற்றுக்கும் ஈடு ஒரு சாண்ட்விச்சும் பெட்டியில் அடைத்த மாம்பழச் சாறும்.

சமாளிக்க வழி சொல்லும் புண்ணியவான்களும் நிறைய. முன் வரிசை இருக்கையாகப் பார்த்து எடுங்கள் என்பார்கள். அதற்குத் தனிக் காசு. கைப்பெட்டியோடு மட்டும் போங்கள் என்பார்கள்; பேரன் பிறக்கப் போகிற வீட்டுக்கு ஆறு மாசம் தங்கப் போகிறவர்களிடம். விரைவு வரிசை வாங்கிக்கொள்ளுங்கள், அதற்கும் காசு. இன்ஷூரன்ஸ் எடுங்கள், அதற்கும் காசு. பாலிசியின் பின்பக்கம் படிக்கப் பூதக்கண்ணாடி தனி. நேரத்தைத் திருடி வைத்துக்கொண்டவர்களே அதை நிமிஷம் நிமிஷமாக நமக்குத் திருப்பி விற்கிறார்கள், நாமும் வாங்கிக்கொண்டு 'டிப்ஸ்' என்று ஒருவருக்கொருவர் அனுப்பிக்கொள்கிறோம். அந்த 45 நிமிஷத்தை 90 ஆக்கு என்று கேட்கத் தோன்றுவதில்லை. இத்தனை பேர் தினம் தவறவிடுகிற இணைப்பை எப்படி விற்கிறாய், தவறவிட்டவர் கணக்கை டிக்கெட் பக்கத்திலேயே போடு என்று கேட்கத் தோன்றுவதில்லை. ஷூ வாங்கத்தான் தோன்றுகிறது.

என்னிடம் ஒரு யோசனை உண்டு. செலவு ஒன்றும் இல்லை. விமானக் கம்பெனிகளின் நிர்வாகக் குழுவையும் விமான நிலைய முதலாளிகளையும் வருஷத்துக்கு ஒருமுறை சென்னையில் 43ஆம் வரிசை நடு இருக்கையில் ஏற்ற வேண்டும். இரண்டு முழங்காலிலும் இறுக்கக் கட்டுப் போட வேண்டும். கண்ணாடியைப் பிடுங்கிக்கொள்ள வேண்டும். கையில் ஒரு லேகிய டப்பா, சட்டைப் பையில் இலங்கை பாஸ்போர்ட்டோ இந்திய பாஸ்போர்ட்டோ. அறிவிப்புகள் எல்லாம் அவர்களுக்குத் தெரியாத மொழியில், வேண்டுமானால் நம் ரயில்வே ஸ்டேஷன் ஒலிபெருக்கியைக் கொடுத்து உதவலாம். விமானம் 14 நிமிஷம் பிந்தி, அதாவது மிகச் சரியான நேரத்தில், பிராங்க்ஃபர்ட்டில் இறங்கட்டும். கதவைத் திறந்துவிட்டு ஸ்டாப்வாட்ச்சை அமுக்குவோம். ஓடி முடிக்க அவர்களுக்கு எவ்வளவு ஆகிறதோ அதையே அந்த நிலையத்தின் குறைந்தபட்ச இணைப்பு நேரம் என்று அச்சடித்துக்கொள்ளட்டும். நடுவழியில் உட்கார்ந்துவிட்டு வீல்சேர் கேட்டால், ஐயா, நிஜமாகவே உங்களுக்கு முடியவில்லையா என்று நாலு பேர் முன்னால் ஒருமுறை கேட்டுவிட்டுத்தான் கொடுக்க வேண்டும்.